தீத்தடுப்பு ரசாயனங்கள்: நீரிலும் உயிரிலும் எப்படி அளக்கிறார்கள்?

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் வாழ்ந்த கடல்நாய்களின் கொழுப்பு மாதிரிகளைக் கலிஃபோர்னிய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்று பரிசோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டது. 1989-ஆம் ஆண்டு மாதிரியில், கிராம் கொழுப்புக்கு 88 நானோகிராம் இருந்த ஒரு பொருள், 1998-ல் அதிகபட்சம் 8,325 நானோகிராமாக ஏறியிருந்தது. பத்தாண்டுக்குள் ஏறக்குறைய நூறு மடங்கு. கணக்குப் போட்டால், இரண்டு வருடம்கூட ஆகாமல் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகியிருக்கிறது. அந்தப் பொருளை யாரும் கடலில் கொட்டவில்லை. வீடுகளில் கிடந்த சோபாக்களின் ஃபோமில் அது இருந்தது. தீப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று சேர்த்தது.

வீட்டுக்குள் இருந்த பொருள் கடல்நாயின் உடலுக்குள் போனது எப்படி, அதை எதில் எடுத்து எப்படி அளக்கிறார்கள், கிடைத்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பார்ப்போம்.

எதற்காகச் சேர்த்தார்கள்?

பிளாஸ்டிக்கும் ஃபோமும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. பற்றினால் சடசடவென்று எரியும். புரோமின் கலந்த சேர்மங்களை அவற்றில் சேர்த்தால், சூடேறும்போது புரோமின் பிரிந்து வாயுவோடு கலந்து, சுடரைத் தொடரவைக்கும் துடிப்பான மூலக்கூறுத் துண்டுகளைப் பிடித்து அடக்கிவிடும். எரிதல் தொடர்வினை அறுந்துபோகும்.

இந்த வகையில் அதிகம் புழங்கியவை பாலிபுரோமினேட்டட் டைஃபீனைல் ஈதர்கள். சுருக்கமாக பிபிடிஇ. இரண்டு பென்சீன் வளையங்களை ஓர் ஆக்சிஜன் அணு இணைக்கும்; வளையங்களைச் சுற்றி ஒன்று முதல் பத்து புரோமின் அணுக்கள் வரை உட்காரலாம். எத்தனை, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து 209 வகைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சந்தையில் மூன்று கலவைகளாக விற்றார்கள். பென்டா சோபா, கார் இருக்கை ஃபோமுக்கு. ஆக்டா கணினி, அலுவலகக் கருவிகளின் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு. டெக்கா டிவிப் பெட்டியின் பின்மூடிக்கும் திரைச்சீலைத் துணிக்கும்.

பென்டா கலிஃபோர்னியாவில் குவிந்ததற்கு ஒரு விதி காரணம். மரச்சாமான்களுக்குள் வைக்கும் ஃபோம், சிறு சுடரை 12 விநாடி தாங்க வேண்டும் என்று 1975-ல் அந்த மாநிலம் ஒரு தரநிலை கொண்டுவந்தது. டெக்னிகல் புல்லட்டின் 117 என்பது அதன் பெயர். அதைத் தேற மலிவான வழி, ஃபோமின் எடையில் சில சதவீதம் பென்டாவைக் கலப்பது. ஒரு மாநிலத்துக்கு ஒரு சோபா, மற்ற மாநிலங்களுக்கு வேறு சோபா என்று தயாரிப்பது கட்டுப்படியாகாததால், கலிஃபோர்னியாவின் விதி பல நிறுவனங்களுக்கு நாடு முழுவதற்குமான விதியாகிவிட்டது.

சோபாவிலிருந்து விரிகுடாவுக்கு

பிபிடிஇ ஃபோமோடு வேதிப்பிணைப்பில் இணைவதில்லை. வெறுமனே கலந்து கிடக்கும். பஜ்ஜியின் எண்ணெய் அடியில் விரித்த தாளில் ஊறி இறங்குவதைப் போல, வருடக்கணக்கில் மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் ஒட்டிக்கொள்ளும். ஃபோம் நைந்து பொடியாகும்போது இன்னும் வேகமாக. தூசி துணியில் படியும். துணி சலவை இயந்திரத்துக்குப் போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றையொட்டிய ஊர்களில், வீட்டுத் தூசியையும் துணி துவைத்த நீரையும் கழிவுநீர் நிலையத்துக்குள் வரும் நீரையும் சேர்த்து அளந்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. தீத்தடுப்பிகள் வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போகும் முக்கியமான பாதை துணி துவைத்த நீர்தான் என்று அது காட்டியது.

கழிவுநீர் நிலையத்தில் பிபிடிஇ பெரும்பாலும் சேற்றுக் கசடோடு தங்கிவிடும். தண்ணீரோடு இதற்கு ஒத்துவராது. கொழுப்பும் கரிமத் துகளும்தான் இதன் இடம். கசடை வயலுக்கு உரமாகப் போட்டால் மண்ணுக்குப் போகும். நிலையத்தைத் தாண்டும் மீதி, நுண்துகள்களில் ஒட்டியபடியே விரிகுடாவின் அடிச்சேற்றில் படியும். சேற்றைத் தின்னும் புழு, நீரை வடிகட்டித் தின்னும் சிப்பி, இவற்றைத் தின்னும் சிறு மீன், சிறு மீனைத் தின்னும் நீர்க்காகம், பெரிய மீனைத் தின்னும் கடல்நாய். படி ஏற ஏறச் செறிவு கூடும். உடம்பு இதை உடைத்து வெளியேற்றத் திணறுகிறது. கொழுப்பு பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொள்கிறது. பிபிடிஇ-47 என்ற நான்கு புரோமின் வகை இதில் மகா கெட்டிக்காரன். உலகின் பல மூலைகளிலும் மீனிலும் கடல் பாலூட்டிகளிலும் பெரும்பாலும் முதலிடத்தில் நிற்பது அதுதான்.

உடம்பில் தங்கினால் என்ன கெடுதி? இதன் இரட்டை வளைய அமைப்பு தைராய்டு ஹார்மோனான தைராக்சினைப் பெரிதும் ஒத்தது. அங்கே அயோடின் இருக்கும் இடத்தில் இங்கே புரோமின். பிபிடிஇ உடைந்து உருவாகும் சில பொருள்கள், ரத்தத்தில் தைராக்சினைச் சுமக்கும் புரதத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. மூளை வளரும் பருவத்தில் இந்தக் குளறுபடி நடப்பதுதான் கவலை. முட்டைக்குள் இருக்கும் குஞ்சையும் பால் குடிக்கும் கடல்நாய்க் குட்டியையும் ஆய்வாளர்கள் குறிப்பாகக் கவனிப்பது அதனால்தான்.

எதை எடுத்து அளப்பது?

ஒரு குடம் விரிகுடா நீரை எடுத்து அளந்தால் போதாதா? போதாது. நீரில் இதன் அளவு மிக மிகக் குறைவு. மழை, ஓதம், கலங்கல் என்று நாளுக்கு நாள் மாறும். அதனால் இயற்கையே சேர்த்து வைத்திருக்கும் இடங்களைத் தேடிப் போகிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்லும்.

அடிச்சேறு: நீண்ட காலத்தின் தொகுப்பு. குழாயை இறக்கிச் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்து, ஈயம்-210, சீசியம்-137 ஆகிய கதிரியக்கத் தடயங்களைக் கொண்டு ஒவ்வொரு அடுக்கும் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். ஒரு பொருள் எப்போது வரத் தொடங்கியது என்பது அதில் பதிந்திருக்கும்.

சிப்பி: நகராது, அதனால் அந்த இடத்தின் நிலையை அப்படியே சொல்லும். சான் ஃபிரான்சிஸ்கோவில் இதையும் தாண்டி ஒரு உத்தி கையாண்டார்கள். வடக்கே போடேகா கடற்கரையின் சுத்தமான நீரில் வளர்ந்த சிப்பிகளைக் கொண்டுவந்து, விரிகுடாவின் பல இடங்களில் வலைப்பையில் தொங்கவிட்டு, சுமார் மூன்று மாதம் கழித்து எடுத்தார்கள். எல்லாச் சிப்பிக்கும் தொடக்கம் ஒன்றே என்பதால், இடத்துக்கு இடம் காணும் வேறுபாடு அந்த நீரின் வேறுபாடு என்று துணிந்து சொல்லலாம்.

பறவை முட்டை: உணவுச் சங்கிலியின் மேல்படியை, தாய்ப்பறவையைக் கொல்லாமல் அளக்கும் வழி. தாயின் கொழுப்பில் இருப்பது மஞ்சள் கருவில் இறங்கும். விரிகுடாவில் இரட்டைக் கொண்டை நீர்க்காகத்தின் முட்டைகளை எடுக்கிறார்கள். ரிச்மண்ட்–சான் ரஃபேல் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் அவை கூடு கட்டியிருந்தன.

கடல் பாலூட்டி: சங்கிலியின் உச்சி. எண் பெரிதாக வரும், ஆனால் வாசிப்பது கடினம். வயது கூடக் கூட ஆண் விலங்கில் ஏறிக்கொண்டே போகும். பெண் விலங்கு பாலோடு குட்டிக்குக் கடத்திவிடுவதால் அதன் உடலில் குறையும். நோயில் மெலிந்து செத்த விலங்கின் கொழுப்பு சுருங்கியிருக்கும், மிஞ்சிய கொழுப்பில் ரசாயனம் செறிந்திருக்கும். ஒதுங்கிய சடலத்தை அளப்பவர் வயது, பாலினம், உடல்நிலை மூன்றையும் குறிக்கவில்லை என்றால் அந்த எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் இந்த மாதிரிகளை எடுப்பது, 1993 முதல் நடக்கும் ஒரு வட்டாரக் கண்காணிப்புத் திட்டம். அதில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. விரிகுடாவில் கழிவுநீர் விட அனுமதி பெற்ற நகராட்சிகள், ஆலைகள், தூர்வாரும் அமைப்புகள் ஆகியவைதாம் செலவை ஏற்கின்றன. எதை அளப்பது என்று ஒழுங்காற்று வாரியத்தோடும் விஞ்ஞானிகளோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பணம் கொடுப்பவருக்கும் அதே எண்கள்தாம், கேள்வி கேட்பவருக்கும் அதே எண்கள்தாம்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு முட்டை

முட்டை வந்ததும் எடை, நீளம், அகலம் குறிக்கிறார்கள். உள்ளே இருப்பதைச் சுத்தமான கண்ணாடிக் குடுவையில் இறக்கி, வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகும்வரை அடிக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை எடுத்து, நீரை உறிஞ்சும் சோடியம் சல்ஃபேட்டோடு கலந்து, கரைப்பானில் கொழுப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். பிரிப்பதற்கு முன்பே, முட்டையில் இல்லாத அடையாளப் பொருள் ஒன்றைத் தெரிந்த அளவில் சேர்த்துவிடுவார்கள். கடைசியில் அதில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தால், இடையில் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியும். அதற்கேற்பக் கணக்கைத் திருத்தலாம்.

அடுத்தது கொழுப்பை ஒழித்துக்கட்டுவது. அடர் கந்தக அமிலம் கொழுப்பைச் சிதைக்கும். பிபிடிஇயை ஒன்றும் செய்யாது. மிஞ்சிய சில துளிகளை வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தினால், முடி போன்ற நீண்ட குழாயிலிருந்து ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு நேரத்தில் வெளியேறும். வாசலில் நிற்கும் நிறை நிறமாலைமானி, நிறை எண் 79, 81 என்று வரும் புரோமின் அயனிகளைக் கண்டுபிடித்துக் கணக்கெடுக்கும். இயற்கைப் புரோமினில் இந்த இரண்டு ஐசோடோப்புகளும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருப்பதால், இரண்டு சிகரமும் சம உயரத்தில் வந்தால் அது புரோமின்தான்.

டெக்காவின் முக்கியப் பொருளான பிபிடிஇ-209 மட்டும் தொல்லை பிடித்தது. நீளமான சூடான குழாயில் போகும்போதே சிதையும். வெளிச்சம் பட்டாலும் புரோமினை உதிர்க்கும். அதற்குக் குட்டையான குழாய், பழுப்பு நிறக் கண்ணாடி, அலுமினியத் தாள் சுற்றிய குடுவை என்று தனி ஏற்பாடு வேண்டும். வீட்டுக் காப்புத் தெர்மகோலில் கலக்கப்பட்ட ஹெச்பிசிடி என்ற இன்னொரு தீத்தடுப்பியோ சூட்டில் தன் வடிவங்களை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றிக்கொள்ளும். வடிவங்களைத் தனித்தனியாக அளக்க வேண்டுமென்றால் திரவ நிறப்பகுப்புக்கு மாற வேண்டும்.

பெரிய எதிரி அறைக்குள்ளேயே இருக்கிறது. ஆய்வாளர் உட்காரும் நாற்காலி, எதிரில் இருக்கும் கணினி, சட்டையில் ஒட்டிய தூசி எல்லாவற்றிலும் இதே ரசாயனங்கள் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு தொகுதி மாதிரிகளோடும், முட்டையே இல்லாத வெற்றுக் குடுவை ஒன்றையும் அத்தனை படிகளிலும் கொண்டுபோவார்கள். அதில் பிபிடிஇ தென்பட்டால் அது முட்டையிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. வெற்றில் வந்த அளவும் மாதிரியில் வந்த அளவும் கிட்டத்தட்ட ஒன்றென்றால், அந்த முடிவைக் குப்பையில் போடத்தான் வேண்டும். இதோடு, அளவு ஏற்கனவே சான்றளிக்கப்பட்ட பொது மாதிரி ஒன்றையும் ஓட்டுவார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் மிச்சிகன் ஏரி மீனை அரைத்து உறையவைத்துத் தரும் மாதிரி அப்படிப்பட்டது. அதில் சரியான எண் வராத ஆய்வுக்கூடத்தின் மற்ற எண்களையும் யாரும் ஏற்கமாட்டார்கள்.

எண்ணை எப்படி வாசிப்பது?

கிராமுக்கு ஒரு நானோகிராம் என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆயிரம் டன்னில் ஒரு கிராம். கேட்கும்போது ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஹார்மோன்கள் வேலை செய்வதும் இதே மாதிரிச் சிறு அளவுகளில்தான் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்து, எதன் கிராம் என்று கேட்க வேண்டும். இரண்டு மீன்கள். இரண்டிலும் ஒரு கிராம் சதையில் 10 நானோகிராம். ஒன்றில் கொழுப்பு 2 சதவீதம், மற்றதில் 8 சதவீதம். சதைக் கணக்கில் இரண்டும் சமம். கொழுப்புக் கணக்கில் முதல் மீன் 500, இரண்டாவது 125. சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதற்குச் சதைக் கணக்கு வேண்டும். மீன் வாழ்ந்த நீர் எவ்வளவு மாசுபட்டது என்று ஒப்பிடக் கொழுப்புக் கணக்கு வேண்டும். ஓர் அறிக்கையின் சதைக் கணக்கையும் இன்னோர் அறிக்கையின் கொழுப்புக் கணக்கையும் பக்கத்தில் வைத்து 'ஐம்பது மடங்கு' என்று தலைப்புப் போடுவது எளிது, அர்த்தமில்லாதது.

'கண்டறியப்படவில்லை' என்பதும் பூஜ்யம் என்று பொருள்படாது. அந்தக் கருவியால் பிடிக்க முடிந்த எல்லைக்குக் கீழே இருந்தது, அவ்வளவுதான். எல்லை எவ்வளவு என்று எழுதாத அறிக்கையில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

சட்ட எல்லையோடு ஒப்பிடும்போதும் நிதானம் தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல், மீனில் ஆறு பிபிடிஇ வகைகளின் கூட்டுத்தொகைக்குக் கிலோவுக்கு 0.0085 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்தது. மீன் தின்னும் மனிதரின் நலனை அடிப்படையாக வைத்து, பாதுகாப்புக்காக மிகக் கீழே இறக்கிய எண் அது. விளைவு, ஸ்வீடனின் எல்லா ஏரி, ஆறு, கடலோர நீர்களும் இதில் தேறவில்லை என்றே அந்நாட்டு அதிகாரிகள் கணக்கில் எழுதுகிறார்கள். எல்லாமே தோற்கும் தேர்வில் யார் மோசம், யார் தேறிவருகிறார் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஆண்டு ஆண்டாக ஒரே முறையில் எடுத்த தொடர் வேண்டும்.

உறைபெட்டி சொன்ன உண்மை

அப்படியொரு தொடருக்கு நல்ல உதாரணம் ஸ்வீடனில் இருக்கிறது. பால்டிக் கடலில், கோட்லாந்துக்கு மேற்கே ஸ்டோரா கார்ல்ஸோ என்ற சுண்ணாம்புப் பாறைத் தீவு. செங்குத்தான பாறை விளிம்புகளில் கில்லெமாட் என்ற கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிடும். ஒரு பறவைக்கு ஒரே முட்டை. பருவத் தொடக்கத்திலேயே அதை இழந்தால் மறுபடி இடக்கூடியது. 1960களின் கடைசியிலிருந்து அங்கே முட்டை எடுத்துவருகிறார்கள். ஆண்டுக்குப் பத்து முட்டை, அதே தீவு, பருவத்தில் முதலில் இட்டவை மட்டும். பிந்தி இட்ட முட்டையில் ரசாயனத்தின் அளவு வேறுபடும் என்பதால் அதைத் தொடுவதில்லை. அளந்தது போக மீதியை ஸ்டாக்ஹோமில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உறையவைத்துக் காக்கிறது.

தொடங்கிய காலத்தில் அவர்கள் தேடியது டிடிடி என்ற பூச்சிக்கொல்லியையும் பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனத்தையும். தீத்தடுப்பி யார் மனதிலும் இல்லை. 1981-ல் துணி ஆலைகள் நிறைந்த விஸ்கான் ஆற்றின் மீன்களில் பிபிடிஇ இருப்பதாக ஸ்வீடனில் கண்டுபிடித்தபோது, 'இது எப்போதிலிருந்து?' என்ற கேள்வி எழுந்தது. பதில் உறைபெட்டிக்குள் தயாராக இருந்தது. பழைய முட்டைகளை எடுத்து அளந்தார்கள். 1960களின் கடைசியிலிருந்து ஏறுமுகம், 1980களின் நடு, பின்பகுதியில் உச்சம், பிறகு வேகமான சரிவு. ஐரோப்பாவில் பென்டாவின் பயன்பாடு சுருங்கிய காலத்தோடு அது ஒத்துப்போனது. அதே முட்டைகளில் ஹெச்பிசிடி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்டாக்ஹோமின் தாய்ப்பால் சேமிப்பும் இதே வேலையைச் செய்தது. 1972 முதல் 1997 வரை எடுத்து வைத்த பாலை 1990களின் இறுதியில் அளந்தபோது, டிடிடியும் பிசிபியும் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பிபிடிஇ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டித்திருந்தது தெரிந்தது. கனடாவில் பேரேரிகளின் ஹெர்ரிங் கடற்புறா முட்டைகளை 1970களிலிருந்து சேமித்துவந்தார்கள். 1981 முதல் 2000 வரையிலான முட்டைகளில் பிபிடிஇ சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்திருந்தது. அமெரிக்கக் கண்டத்தின் வேகம் ஐரோப்பாவைவிடக் கூடுதல் என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது.

இந்த எண்களெல்லாம் கைக்கு வந்த பிறகு சட்டம் நகர்ந்தது. கலிஃபோர்னியா 2003-ல் பென்டா, ஆக்டாவைத் தடைசெய்யச் சட்டம் போட்டது. ஐரோப்பாவில் 2004-ல் தடை வந்தது. அமெரிக்காவில் பென்டா தயாரித்த ஒரே நிறுவனமான கிரேட் லேக்ஸ் கெமிக்கல் அதே ஆண்டின் முடிவில் உற்பத்தியை நிறுத்தியது. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவ்விரண்டு கலவைகளின் முக்கிய பிபிடிஇ வகைகளை உலகளாவிய தடைப் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் ஹெச்பிசிடி, 2017-ல் டெக்கா. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் பத்தாண்டுக் கணக்கைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டபோது, சிப்பி, மீன், நீர்க்காக முட்டை மூன்றிலும் தெளிவான சரிவு தெரிந்தது. சோபா சோதனை விதியையும் 2013-ல் மாற்றிவிட்டார்கள். இப்போது அணையாமல் கனலும் சிகரெட்டைத் தாங்கினால் போதும், ஃபோமில் ரசாயனம் கலக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பட்டியலில் இல்லாதது கண்ணில் படாது

கண்காணிப்பின் பெரிய பலவீனம், தேடுவதை மட்டும்தான் கண்டுபிடிக்கும் என்பது. டெக்காவைப் பற்றி நீண்ட நாள் சொல்லப்பட்டது, மூலக்கூறு மிகப் பெரியது, உயிரணுச் சவ்வைத் தாண்டாது, உயிர்களுக்குள் சேராது என்பது. 2004-ல் ஸ்வீடனின் பெரிக்ரின் வல்லூறு முட்டைகளில் பிபிடிஇ-209 இருப்பதாக அறிவித்தார்கள். கெண்டை மீனுக்கு அதை உணவில் கலந்து கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், மீனின் உடலில் 209 சேரவில்லை. ஆனால் புரோமின் குறைந்த வேறு வகைகள் சேர்ந்திருந்தன. மீனே அதை உடைத்திருக்கிறது. 209-ஐ மட்டும் தேடியவர் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

டெக்குளோரேன் பிளஸின் கதை இன்னும் மோசம். குளோரின் அடிப்படையிலான இந்தத் தீத்தடுப்பி 1960களிலிருந்து நயாகரா ஃபால்ஸ் நகரில் உற்பத்தியானது. பேரேரிகளோ உலகிலேயே அதிகம் அளக்கப்பட்ட நீர்நிலைகளில் சேர்ந்தவை. ஆனாலும் அது ஏரிச் சேற்றிலும் மீனிலும் இருப்பது 2006-ல்தான் வெளியானது. ஒண்டாரியோ ஏரியின் சேற்று அடுக்குகளைப் பார்த்தால் பல பத்தாண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது, யாரும் தேடவில்லை. உலகத் தடைப் பட்டியலில் அது சேர்ந்தது 2023-ல்.

தடை வந்ததும் தொழில் அடுத்த பொருளுக்குத் தாவும். 1973-ல் மிச்சிகனில் பிபிபி என்ற புரோமின் தீத்தடுப்பி மூட்டை மாறி மாட்டுத் தீவனத்தில் கலந்து, ஏறத்தாழ முப்பதாயிரம் மாடுகளைக் கொல்ல நேர்ந்தது. பிபிபி கைவிடப்பட்டது, பிபிடிஇ பெருகியது. பிபிடிஇ போனதும் ஃபயர்மாஸ்டர் 550 என்ற புதிய கலவையும், குளோரின் சேர்ந்த பாஸ்பேட் எஸ்டர்களும் வந்தன. இந்த எஸ்டர்கள் பிபிடிஇயைவிட நீரில் நன்றாகக் கரைபவை. கொழுப்பில் அவ்வளவாகத் தங்குவதில்லை. முட்டையை மட்டும் அளந்துகொண்டிருந்தால் நிலைமை சீராகிவிட்டதாகத் தோன்றும். பொருள் முட்டையை விட்டு நீருக்கு இடம் மாறியிருக்கும். அதனால் சான் ஃபிரான்சிஸ்கோவில் இப்போது விரிகுடா நீரிலேயே இவற்றைத் தேடுகிறார்கள்.

நம் பக்கத்தில்

இந்தியா ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006-ல் ஏற்றது. பென்டா, ஆக்டாவின் முக்கிய வகைகளையும் ஹெச்பிசிடியையும் உள்ளடக்கிய ஏழு பொருள்களைத் தடைசெய்யும் விதிகளை 2018 மார்ச்சில் அறிவித்தது. புதிய மின்னணுக் கருவிகளில் பிபிடிஇ எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மின்கழிவு விதிகள் சொல்கின்றன. ஏற்கனவே புழக்கத்தில் இருக்கும் பழைய டிவியும் கணினியும் விதிக்கு முந்தியவை. அவற்றை உடைத்து வயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடங்களில் சாம்பலோடும் மழைநீரோடும் இந்த ரசாயனங்கள் வாய்க்காலுக்கு இறங்கும். சோபாவிலிருந்து சலவை நீர் என்பது கலிஃபோர்னியாவின் பாதை. இங்கே மின்கழிவுதான் முதலில் பார்க்க வேண்டிய பாதை.

அளக்க உதவும் உயிரி நம் கடலிலேயே இருக்கிறது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஆசியச் சிப்பிக் கண்காணிப்பில், இந்தியா உட்படப் பல நாடுகளின் கடலோரச் சிப்பிகளில் பிபிடிஇயை அளந்து 2007-ல் வெளியிட்டார்கள். எல்லா நாட்டு மாதிரிகளிலும் அது இருந்தது. வெப்பமண்டலக் கடல்களில் அவர்கள் நம்பிய பச்சைச் சிப்பி, தமிழகக் கடற்கரைப் பாறைகளிலும் ஒட்டி வளர்வது.

'மீனில் ரசாயனம்' என்று அடுத்த முறை செய்தி வந்தால், எந்த உயிரி, எத்தனை மாதிரி, சதைக் கணக்கா கொழுப்புக் கணக்கா, வெற்று மாதிரியில் என்ன வந்தது, போன ஆண்டு இதே இடத்தில் எவ்வளவு என்று கேட்கலாம். முதல் நான்குக்கும் பதில் ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும். கடைசிக் கேள்விக்குப் போன ஆண்டே யாராவது மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அளப்பதற்குத்தான் செலவு அதிகம். எடுத்து வைப்பதற்கு அவ்வளவு ஆகாது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதத்தில், ஒரே அளவுச் சிப்பியை எடுத்து, இடமும் நாளும் எழுதி, நன்றாக உறையவைத்துவிட்டால், அளக்கப் பணமோ கருவியோ இல்லாத ஆண்டும் வீணாகாது. இன்று பெயரே தெரியாத பொருளை இருபது ஆண்டு கழித்து அதில் தேடலாம். சேற்று அடுக்கு ஒரு பொருள் எப்போது வந்தது என்று ஓரளவு சொல்லிவிடும். ஆனால் உயிர்களின் உடம்பில் எவ்வளவு ஏறியது என்பதை, மாதிரி எடுக்காமல் விட்ட ஆண்டுக்கு எந்தக் கருவியாலும் பின்னோக்கிப் போய் அளக்க முடியாது.